பாதிப் பாலம்

நெருப்பெரிச்சல் ஊரில் ஒரு பனியன் கம்பெனியின் செக்கிங் மேஜையில், ட்யூப்லைட்டுக்குக் கீழே, நல்லம்மாள் ஒரு வெள்ளை டீசர்ட்டை விரித்துப் பிடித்திருக்கிறாள். அதன் மார்பில் நீல மையில் ஒரு கல்பாலம். நாலு வளைவு, மேலே குட்டிக் கோயில், அப்புறம் ஆற்றின் பாதியிலேயே பாலம் நின்றுவிடுகிறது. மாப்பிள்ளை பார்க்கப் போன வீட்டிலும் சட்டைத் தையலைப் பார்த்த கண் அவளுடையது. முந்நூறு பீஸிலும் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி ஒதுக்கிவிட்டாள். "பாதி பிரிண்டுங்க. அத்தனையும் ரிஜெக்ட்டு." வாசலில் வேன் உறுமுகிறது, அது போய்விட்டால் கப்பலும் போய்விடும். ஆர்டரைக் கவனிக்கும் சத்யப்பிரியா அவசரமாகப் போனை நீட்டுகிறாள். "அக்கா, பிரான்ஸ்ல அவின்யோன்னு ஒரு ஊருங்க. பாலமே அப்படித்தானுங்க. மிச்சத்த எப்பவோ வெள்ளம் கொண்டுட்டுப் போயிருச்சு. இதப் பாக்கத்தான் சனம் டிக்கெட் எடுக்குது." "அக்கரைக்குப் போகாத பாலத்துக்கு டிக்கெட்டா, கண்ணு?" போனில் அந்தக் கற்களின்மேல் தேன்நிறத்தில் வெயில் படிந்திருக்கிறது, கீழே ஆறு ஒன்றும் தெரியாததுபோல் ஓடுகிறது. நல்லம்மாள் படத்தைப் பெரிதாக்குகிறாள். அவள் விரல் வளைவு வளைவாக நடந்து, பாலம் முடிகிற இடத்தில், விழுந்துவிடுவோமோ என்று நிற்கிறது. பிறகு முதல் ஸ்டிக்கரை உரிக்கிறாள். "ஒடைஞ்ச எடத்துலகூடப் பிசிறில்லீங்க," என்கிறாள். "பாஸ்."