ஸ்டாப்டு டு ஈட்

"நாலு நாளா எங்க அம்மா சாப்பிடலை. டாக்டர் போன் பண்ணித்தான் எனக்கே தெரியுது. எல்லாத்துக்கும் காரணம் உங்க ஆயாவோட இங்கிலீஷ்!"

டீச்சர் போட்ட சத்தத்தில் முதியோர் இல்லத்தின் மேனேஜர் எழுந்தே நின்றுவிட்டார். பெரிய பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் கிராமர் எடுக்கிறவர் ஆயிற்றே.

மேஜைமேல் தினக்குறிப்பு நோட்டு விரிந்து கிடந்தது. யார் என்ன சாப்பிட்டார்கள், என்ன பேசினார்கள், மாத்திரை போட்டார்களா என்று ஆயாக்கள் தினமும் அதில் எழுத வேண்டும். டாக்டர் பார்ப்பதால் இங்கிலீஷில்தான் எழுத வேண்டும். அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்து, பெற்ற பிள்ளைகளின் போனுக்கு அனுப்பிவிடுவார் மேனேஜர்.

கதவோரம் நின்றிருந்தாள் ஆயா. பேர்தான் ஆயா, முப்பது வயசுகூட ஆகவில்லை. கையிலிருந்த சூப் கிண்ணம் ஆறிக்கொண்டிருந்தது.

"ஏம்மா, நீ எழுதினதை நீயே படி."

"மதர் ஸ்டாப்டு டு ஈட்."

"என்ன அர்த்தம்?"

"பெரியம்மா சாப்பிடறதை நிறுத்திட்டாங்கன்னு..."

"இல்லவே இல்லை! செய்துட்டிருந்த வேலையை நிறுத்திட்டுச் சாப்பிட உட்கார்ந்தாங்கன்னு அர்த்தம். 'ஸ்டாப்டு ஈட்டிங்'னு எழுதியிருந்தாத்தான் சாப்பாட்டை நிறுத்தினதா ஆகும். ஒரு 'டு' போட்டே, எல்லாம் தலைகீழாப் போச்சு. அம்மா டிவியைக்கூட நிறுத்திட்டு ஒழுங்காச் சாப்பிடறாங்கன்னு நான் நிம்மதியா இருந்திருக்கேன்!"

ஆயா கையிலிருந்த கிண்ணத்தைப் பார்த்தாள். இன்றைக்கும் சாப்பிடாவிட்டால் நாளைக்கு மூக்கில் குழாய்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். எல்லாம் இந்த ஒரு எழுத்தாலா?

"தப்புதாம்மா. என் பொண்ணு மூணாவது படிக்கிறா. அவ புத்தகத்துல 'ஸ்டார்ட்டடு டு ஈட்'னு இருந்தது. இதுக்கும் அப்படித்தான் வரும்னு நினைச்சுட்டேன்."

"அங்கேதான் எல்லாரும் கோட்டை விடறீங்க. ஸ்டார்ட்டுக்கு 'டு ஈட்' போட்டாலும் 'ஈட்டிங்' போட்டாலும் ஒண்ணுதான். ஸ்டாப்புக்கு அப்படி இல்லை."

மேனேஜர் மெல்ல வாயைத் திறந்தார். "முந்தாநாள் மூணு தரம் போன் பண்ணினோம் டீச்சர்..."

"கிளாஸ்ல இருந்திருப்பேன். எதுவா இருந்தாலும் எழுத்துல அனுப்புங்கன்னு சொல்லியிருக்கேன் இல்லை?"

எழுத்தில்தான் அனுப்பினோம் என்று சொல்ல வந்ததை மேனேஜர் அப்படியே விழுங்கிக்கொண்டார்.

டீச்சர் கைப்பையைத் திறந்து சிவப்புப் பேனாவை எடுத்தார். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து திருத்த ஆரம்பித்தார்.

"இது என்ன, 'ஷி ஆஸ்க்டு வென் வில் ஹர் டாட்டர் கம்'? கேள்வியை இப்படியே தூக்கி நடுவுல வைக்கக் கூடாது. 'வென் ஹர் டாட்டர் வுட் கம்'னு வார்த்தை வரிசை மாறணும்."

"சரிம்மா."

"செவ்வாய்க்கிழமையும் இதே தப்பு. புதன்கிழமையும் இதே தப்பு. இந்தா, நேத்திக்கும்! ஒரே வாக்கியத்தைத் தினம் தினம் தப்பா எழுதியிருக்கியே, வேற வாக்கியமே கிடைக்கலையா உனக்கு?"

"'என் மக எப்ப வருவா'ன்னு பெரியம்மா தினமும் கேட்டாங்கம்மா. அதான் தினமும் எழுதினேன்."

"கேட்டாங்க, சரி. அதை எழுதற முறைன்னு ஒண்ணு இருக்கில்லை?" என்று நான்கு இடத்திலும் சுழித்தார் டீச்சர்.

அரை மணி நேரம் போயிற்று. கடைசிப் பக்கத்தில் கையெழுத்தே போட்டுவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தவர் பதறிப்போய் எழுந்தார்.

"ஐயோ, நாலு மணிக்கு எனக்கு மீட்டிங்!"

"பெரியம்மா பக்கத்து ரூம்லதாம்மா இருக்காங்க. உங்க குரல் கேட்டதுமே தலையை வாரி விடச் சொன்னாங்க. ஒரே ஒரு நிமிஷம்..."

"இப்பப் போனா லேசுல விடமாட்டாங்க. அடுத்த வாரம் பார்க்கலாம். நீ முதல்ல சரியா எழுதப் பழகு, அது போதும்."

வாசலில் கார் கிளம்பிற்று.

ஆயா சூப்பைச் சுட வைத்து எடுத்துக்கொண்டு பக்கத்து அறைக்குப் போனாள். வாரிய தலை கலையாமல், கதவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார் பெரியம்மா.

"போயிட்டாளா?"

"அவசர வேலையாம் பெரியம்மா."

"என்னைப் பத்தி ஏதாச்சும் பேசினாளா?"

ஆயா கரண்டியால் சூப்பைக் கலக்கினாள். கலக்கிக்கொண்டே இருந்தாள்.

"நல்லாக் கேட்டீங்க போங்க! அரை மணி நேரம் உங்க சாப்பாட்டுப் பேச்சுதான். நாலு நாளா நீங்க சாப்பிடாதது அவங்களுக்குத் தெரியாமப் போச்சுன்னு என்னை வெளுத்து வாங்கிட்டாங்க. வேணும்னா மேனேஜரைக் கேளுங்க."

"நிஜமாவா?"

"என் பொண்ணுமேல சத்தியமா. இதுல ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை."

பெரியம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. "பெத்த பொண்ணாச்சே, பதறாம இருப்பாளா? சரி, கொடு."

கிண்ணம் காலியானது. வாயைத் துடைத்துவிடும்போது பெரியம்மா ஏதோ கேட்டார்.

சாயங்காலம் ஆயா நோட்டை எடுத்தாள். 'மதர் ஸ்டார்ட்டடு டு ஈட்' என்று தைரியமாகவே எழுதினாள். அதை எப்படி எழுதினாலும் தப்பில்லையே.

அடுத்த வரியைத்தான் சிவப்புத் திருத்தத்தைப் பார்த்துப் பார்த்து, நிதானமாக எழுதினாள்.

'ஷி ஆஸ்க்டு வென் ஹர் டாட்டர் வுட் கம்.'

இந்தத் தடவை வார்த்தை வரிசை சரியாக இருந்தது.