ஆமையின் துடிப்பு

நாரை டாக்டர் தினமும் செல்போனில் மருத்துவக் கருவிகளைப் பற்றி வீடியோ போடுவார். ஒருநாள், இதயத் துடிப்பை அளக்கும் கைக்கடிகாரத்தை வெகுவாகப் புகழ்ந்தார். அதைப் பார்த்த ஆமை ஒன்று வாங்கிக் கட்டிக்கொண்டது. திரையில் ‘துடிப்பு இல்லை’ என்று வந்தது.

ஆமை பதறிப்போய் டாக்டரிடம் வந்தது.

“டாக்டர், நான் உயிரோடதான் இருக்கேனா?”

நாரை அதன் மார்பில் காதை வைத்து வெகுநேரம் கேட்டார்.

“மெதுவா துடிக்குது. ஆனா நல்லாத்தான் துடிக்குது.”

“அப்போ கடிகாரம் பொய் சொல்லுதா?”

“இல்ல. வேகமா துடிக்கிற எலிகளுக்குக் கட்டிப் பார்த்துத்தான் அதைச் செஞ்சாங்க.”

“அதை நீங்க வீடியோவுல சொல்லவே இல்லையே?”

ஆமை தன் மார்பையும் கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே போனது.

மறுநாள் நாரை செல்போன் முன் உட்கார்ந்தார். “நேத்து ஒரு ஆமை வந்துச்சு” என்று ஆரம்பித்தவருக்கு, அடுத்து என்ன சொல்வதென்று தெரியவில்லை.