மலை, கடல், விரல்

“இன்னும் ஓரடி பின்னாடி போங்க சார்!” என்று பல் டாக்டர் கத்தினார்.

புரூஃப்காரர் திரும்பிப் பார்த்தார். ஓரடி பின்னால் இடுப்பு உயரத்துக்குக் கம்பி. கம்பிக்கு அந்தப் பக்கம், வெகு கீழே, கடல்.

கடல் நாளைக் காலை நிகழ்ச்சி. இன்றைக்கே, அதுவும் தலைகீழாகப் போய்ச் சேர அவருக்கு அவசரமில்லை.

கையில் டாக்டரின் போன். எதிரே மலையை முதுகுக்குப் பின்னால் நிறுத்திவைத்துக்கொண்டு டாக்டர், டாக்டரின் மனைவி, பள்ளிக்கூடம் போகும் மகள். பல் டாக்டர் வீட்டுச் சிரிப்பு. எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம்.

வந்த பாதையைப் பற்றியும் சொல்ல வேண்டும். வளைவு என்றால் அப்படியொரு வளைவு. பதினேழாவது திருப்பத்தில் முன்னால் ஒரு கார் வழிவிடாமல் போகிறதே என்று டாக்டர் விடாமல் ஹாரன் அடித்தார். கிட்டே போய் நம்பரைப் பார்த்தால், அது அவருடைய கார்தான்.

அந்தக் காரில் புரூஃப்காரர் நாலாவது ஆளாக ஏறியது ஒரே ஒரு வார்த்தையால்.

அச்சகத்தில் முப்பத்து நாலு வருஷமாகப் புரூஃப் திருத்துகிறவர். டாக்டர் வீட்டு மாடி அறையில் பதினோரு மாதமாக வாசம். சாப்பாடும் அங்கேதான். டாக்டரின் மனைவி மரியாதைக்கு “அண்ணா” என்று கூப்பிட்டுவைத்தாள். இவர் அதை உறவாகவே எடுத்துக்கொண்டு, டாக்டரை மனசுக்குள் மாப்பிள்ளை ஆக்கிவிட்டார். மாப்பிள்ளைக்கு இன்றுவரை தகவல் இல்லை.

புதன்கிழமை மாடிப்படியில் டாக்டர் சொன்னார்: “மூணு நாள் லீவு வருது சார். நாங்க மலைக்கும் கடலுக்கும் போறோம்.”

நாங்க என்றால் கேட்பவர் வீட்டைப் பார்த்துக்கொள்ள வேண்டும். நாம என்றால் கேட்பவரும் பெட்டி கட்ட வேண்டும். ஓர் ஆளை இதைவிட நாசூக்காக எந்த மொழியிலும் கழற்றிவிட முடியாது.

சனிக்கிழமை விடிந்ததும் புரூஃப்காரர் குளித்து, தலைவாரி, மப்ளர் சுற்றி, பெட்டியோடு கார் பக்கத்தில் நின்றார்.

“நாம கிளம்பலாமா?”

டாக்டர் மனைவியைப் பார்த்தார். மனைவி மகளைப் பார்த்தாள். மகள் காரைப் பார்த்தாள். கார் என்ன செய்யும், கதவைத் திறந்துவிட்டது.

ஆளுக்குக் காது மந்தம் என்று மூவரும் ஒருமனதாக முடிவு செய்தார்கள். அதிலிருந்து கத்தல்தான். “டீ குடிக்கிறீங்களாண்ணா?” என்று டாக்டரின் மனைவி கேட்டதற்கு எதிர்மலை இரண்டு தடவை வேண்டும் என்றது. இவரும் மறுக்கவில்லை. டீயையும் சரி, காதையும் சரி.

கடற்கரை விடுதியில் ஒரே அறைதான் சொல்லியிருந்தார்கள். இப்போது இரண்டு. ஒன்றில் தாயும் மகளும். மற்றொன்றில் டாக்டரும் புரூஃப்காரரும். அதை நினைத்தபோதெல்லாம் டாக்டருக்குச் சொத்தைப்பல்லில் ஐஸ் பட்டதுபோல முகம் போனது.

ஆனால் புரூஃப்காரருக்குப் போன விடுமுறை ஞாபகம் இருந்தது. அந்த மூன்று நாளும் பேச்சுத்துணை குளியலறைக் குழாய்தான், அதுவும் சொட்டுச் சொட்டாகத்தான் பேசியது. இருமல் மருந்து அட்டையை நாலு முறை படித்து இரண்டு பிழை திருத்தினார். இன்னொரு மூன்று நாள் அப்படிக் கழித்தால், திருத்தத் தன்னைத் தவிர வேறொன்றும் மிஞ்சாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

அதனால்தான் மலை உச்சியில் நிற்கிறார். அதுவும் போட்டோவுக்கு வெளியே.

டாக்டர் காதருகே வந்து, எழுத்துக் கூட்டி, இந்தத் தடவை சந்தேகத்துக்கே இடமில்லாமல் சொல்லிவிட்டுப் போயிருந்தார்: “நா... ங்... க மூணு பேரும் நிக்கிறோம்! நீங்க எடுங்க!”

எடுத்தார். உட்கார்ந்து எடுத்தார், சாய்ந்து எடுத்தார், மூச்சைப் பிடித்துக்கொண்டு எடுத்தார். மொத்தம் பதினொன்று.

மகள் ஓடிவந்து போனை வாங்கித் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். “மாமா! எல்லாத்துலயும் உங்க கட்டைவிரல்!”

உண்மைதான். ஒவ்வொரு படத்திலும் மூன்று பேர், அவர்களை ஒட்டி இரண்டு சிகரம். ஒரு சிகரத்துக்கு நகம் இருந்தது. நகத்தில் சிவப்பு மை.

“பாத்து எடுக்கக் கூடாதா சார்?” டாக்டரின் குரலுக்குக் கீழே கடலில் படகுகள் திசை மாறின.

“பாத்துத்தான் எடுத்தேன்” என்றார் புரூஃப்காரர்.

கால் விட்டுப்போன எழுத்தை அரையிருட்டிலும் கண்டுபிடிக்கிறவர். பதினொரு தடவை ஒரு முழு விரல் கண்ணுக்குத் தப்பியது என்றால் நம்ப வேண்டியதுதான்.

திரும்ப எடுக்க வெளிச்சம் இல்லை. மேகம் வந்து மலையை மூடிவிட்டது. எல்லோரும் காரை நோக்கி நடந்தார்கள். புரூஃப்காரர் முன்னால். மூவரும் பத்தடி பின்னால்.

டாக்டரின் மனைவி கத்தவில்லை. அவருக்குத்தான் கேட்காதே. வீட்டில் பேசுகிற குரலில் புருஷனிடம் சொன்னாள்: “அடுத்த லீவுக்கு அவர்கிட்ட வாயே திறக்காதீங்க. விடியறதுக்கு முன்னாடியே சத்தமில்லாம கிளம்பிடலாம்.”

புரூஃப்காரர் நடையை நிறுத்தவில்லை. திரும்பியும் பார்க்கவில்லை. அவளைவிடத் தணிந்த குரலில் கேட்டார்:

“எத்தனை மணிக்கும்மா?”