உடையும் பொருள்

கல்யாணப் படம் ஒன்றுக்கு ஃபிரேமாகப் போகிற தங்கப்பூச்சு மரச்சட்டம், ஒற்றைச் சுற்றுச் செய்தித்தாளுக்குள் நடுங்கியபடி லாரியில் கிடந்தது. பக்கத்திலேயே இரும்புக் குழாய்களை நிறுத்தி வைத்திருந்தார்கள்.

"அண்ணே, ஒரு அட்டைகூட வைக்காம கட்டிட்டாங்களே. குழாய் மேல விழுந்தா என் கதி?" என்று தாளின்மேல் ஒட்டியிருந்த சிவப்பு ஸ்டிக்கரிடம் சட்டம் கேட்டது.

"பயப்படாதே. 'உடையும் பொருள், கவனம்'னு நான் சொல்லிக்கிட்டேதானே இருக்கேன்" என்றது ஸ்டிக்கர்.

"குழாய்க்குப் படிக்கத் தெரியுமாண்ணே?"

ஸ்டிக்கர் பதில் சொல்வதற்குள் லாரி பள்ளத்தில் இறங்கியது. குழாய் ஒன்று சாய்ந்து விழ, சட்டம் நடுவில் மளுக்கென்று முறிந்தது.

அது வலியில் முனகிக்கொண்டிருந்தபோது, கீறல்கூட விழாத ஸ்டிக்கர் பெருமையோடு சொன்னது: "பார்த்தியா, நான் சொன்னது எவ்வளவு சரியாப் போச்சு!"