சத்தமில்லாத மூன்று கிழமை

“டொக்டர் தம்பி, நான் உங்களைக் கள்ளன் எண்டுதான் நினைச்சன்” என்றார் மூத்ததம்பி.

பக்கத்தில் இருந்த மனைவி தங்கப்பிள்ளை அவரது சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

“விடுகா, உள்ளதைச் சொல்லணும். இவளுக்குப் புற்றுநோய் இரிக்கிறது இடுப்பெலும்பில. நீங்க தலைக்குள்ள கதிர் அடிச்சா நோவு குறையும் எண்டீங்க. ஆரு நம்புவான்? இவள் நோவில கத்திக் குளறின குளறல்ல நான் மாசக்கணக்கா கண் மூடல்ல.”

“நோய் மாறாது ஐயா, மூளைக்கு அடியில இருக்கிற சுரப்பிக்குக் கதிர் குடுத்தா வலி குறையலாம் எண்டுதான் சொன்னன்.”

“குறையுறதோ! போன தரம் முகத்தில வலை மாதிரி ஒரு மூடியைப் போட்டு, மிசினுக்குள்ள படுக்க வெச்சீங்களே, அண்டையிலிருந்து மூண்டு கிழமையா ஒரு முனகல் இல்ல. கேட்டா, நோவு போயித்து எண்டுறாள்.”

டொக்டர் மருத்துவக் குறிப்புகளை இரண்டு தரம் புரட்டிப் பார்த்தார்.

“ஐயா, அண்டைக்கு மூடிக்கு அளவெடுத்துப் படம் மட்டும்தான் பிடிச்சம். கதிர் இண்டைக்குத்தான் முதல்தரம் குடுக்கப்போறம்.”

மூத்ததம்பி மனைவியைப் பார்த்தார். அவள் குனிந்துகொண்டாள்.

“அப்ப நோவு?”

“கிடக்கு.”

“பின்ன ஏன்டி வாய் திறக்கல்ல?”

“அண்டைக்குச் செஞ்சதுதான் வைத்தியம் எண்டு நினைச்சன். அதுவும் கேக்கல்ல எண்டா நீங்க தாங்கமாட்டீங்க.”

பிறகு அவளே மெதுவாகச் சொன்னாள்.

“நீங்க தோணியெடுத்து வாவிக்குப் போன பிறகு, கதவைச் சாத்திப்போட்டுக் குளறுவன்.”