குறுக்கே வந்த குழந்தை

"உட்காரு! உட்காரு!"

அரங்கில் இருந்த இருநூறு பேரும் திரையைப் பார்த்துக் கத்தினார்கள்.

திரையில், ஒரு வயதுகூட நிரம்பாத குழந்தை ஒன்று சிவப்புக் கவுனோடு தத்தித் தத்தி நடந்துகொண்டிருந்தது.

அது அந்தப் படத்துக்குச் சம்பந்தமே இல்லாத குழந்தை.

படம், 'இடிதாங்கி' என்ற ராக் இசைக்குழுவைப் பற்றியது. அப்படி ஒரு குழு எங்கும் இருந்ததில்லை, முழுக்கக் கற்பனை. திரைக்கு வந்த நான்காம் நாளே பெட்டிக்குத் திரும்பிய படம் அது. பிறகு ஒரே ஒருமுறை தொலைக்காட்சியில் காட்டினார்கள். மூலச் சுருள்கள் கிடங்குத் தீயில் கருகிவிட்டன. யாரோ வீட்டில் பதிவு செய்திருந்த வீடியோ கேசட்டிலிருந்து ஒரு ஸ்டுடியோக்காரர் எடுத்த நகல்தான் உலகத்தில் மிச்சம். அவரும் இப்போது இல்லை. கேசட் யாருடையது என்று அவரிடம் கேட்டு வைத்துக்கொள்ள ஒருவருக்கும் தோன்றவில்லை.

அந்த யாரோதான், கடைசிப் பாட்டின் நடுவே தன் வீட்டுக் குழந்தையைப் பதிந்து, நாற்பது நொடிப் பாட்டை அழித்திருந்தார். பாடகன் வாயைத் திறப்பான். சிவப்புக் கவுன் வரும். அங்கே என்ன வரி இருந்திருக்கும் என்று சண்டை போட்டே நட்பை முறித்துக்கொண்ட ரசிகர்கள் உண்டு.

ரசிகர் சங்கத்தின் ஆண்டுத் திரையிடலில் அந்த இடம் வந்தால் கத்துவது வழக்கமாகிவிட்டது. குழந்தை தொப்பென்று விழுந்ததும் விசில் பறக்கும். பாட்டின் கடைசி வரி திரும்பி வரும்.

படம் முடிந்ததும் சங்கச் செயலாளர் மேடையேறினார். கை பட்ட இடத்திலெல்லாம் தாளம் போடுவதால், 'தாளம்' என்பதே அவருக்குப் பெயராக நிலைத்துவிட்டது.

"இருபது வருஷமாத் தேடுறேன். அந்தக் குழந்தையைப் பெத்த மகராசி மட்டும் என் கையில சிக்கட்டும்!"

"சிக்கினா என்ன பண்ணுவே, தாளம்?" என்றது பின்வரிசை.

"அந்த நாற்பது நொடியையும் பாடிக் காட்டச் சொல்லுவேன்!"

அரங்கம் சிரித்தது. மூன்றாம் வரிசையில் அறுபதைத் தாண்டிய பெண்மணி ஒருவர் எழுந்தார். பக்கத்தில் இருந்த மகள் அவர் கையைப் பிடித்து இழுத்தாள்.

"வேணாம்மா. உட்காரு."

அவர் உட்காரவில்லை.

"எனக்குப் பாட வராது, தம்பி. நான்தான் அந்த மகராசி. குழந்தை இதோ, இவதான்."

மேசைமேல் தாளம் போட்டுக்கொண்டிருந்த விரல்கள் நின்றுபோயின.

"மன்னிப்புக் கேட்டுட்டு, ஒரு உதவியும் கேட்கலாம்னு வந்தேன்."

"என்னம்மா நீங்க! வீட்டுல வேற கேசட்டே இல்லையா?"

"தொண்ணூறு இருந்துச்சு. டிவியில எது வந்தாலும் இவ அப்பா பதிஞ்சு வச்சுடுவார். அன்னைக்குப் பக்கத்து வீட்டு கேமராவை இரவல் வாங்கி வச்சிருந்தோம். இவ திடீர்னு எழுந்து நின்னுட்டா. கைக்குக் கிடைச்ச கேசட்டைத் திணிச்சேன். பதிஞ்சதைப் போட்டுப் பார்த்தவர், இந்தப் படம் பிடிக்காம முடியறதுக்குள்ள எழுந்து போயிருக்கார். அவர் நிறுத்தின இடத்துலேயே கேசட் நின்னிருக்கு."

"கடைசிப் பாட்டுக்கு நடுவுலயா எழுந்து போனார்? அடப் பாவமே!" என்றார் ஒருவர், நிஜமான வேதனையோடு.

"உதவின்னீங்களே?" என்றார் தாளம்.

"'வா கண்ணு, வா'ன்னு ஒரு குரல் கேட்கும். அவர்தான். அவர் போய் ஆறு வருஷமாச்சு. வேற எதுலயும் அவர் குரல் இல்லை. கேசட் பூஞ்சை பிடிச்சுப் போச்சு. ஸ்டுடியோக்காரர் கொடுத்த சிடியும் கீறல் விழுந்து ஓடலை. குழந்தை நடக்குற துண்டோட இங்க படம் காட்டுறாங்கன்னு இவதான் போன்ல பார்த்துச் சொன்னா. ஒரு தடவை கேட்டுட்டுப் போகலாம்னு வந்தோம்..."

சற்றே தயங்கினார்.

"சத்தத்துல காதுல விழலை, தம்பி."

யாரும் யாரையும் பார்க்கவில்லை.

"நகல் எடுத்துத் தர்றேன்மா, கட்டாயம்," என்றார் தாளம். ஆனாலும் மனசு ஆறவில்லை. "அந்தத் தொண்ணூறுல வேற எதையாவது எடுத்திருக்கக் கூடாதா?"

"நியாயம்தான். வேற ஒண்ணுல எடுத்திருந்தா உங்க பாட்டு தப்பிச்சிருக்கும்." அவர் குரல் தணிந்திருந்தது. "வீடு மாறினப்போ மத்த எண்பத்தொன்பதையும் குப்பையில போட்டோம். இவ நடந்தது இதுல இருக்கேன்னுதான் இதை மட்டும் கையோட எடுத்துட்டுப் போனேன். ஸ்டுடியோக்காரர்கிட்டயும் குழந்தையை மட்டும் நகல் எடுங்கன்னுதான் சொன்னேன். முழுப் படத்தையும் அவரா எடுத்து வச்சுக்கிட்டார் போல."



"அப்போ, அன்னைக்கு அந்தக் குழந்தை நடக்கலைன்னா..." என்று பின்வரிசையில் ஒருவர் ஆரம்பித்தார்.

தாளம் மேடையை விட்டு இறங்கி வந்தார். அந்த மகளின் முன்னால் நின்று கைகூப்பினார். பிறகு படம் ஓட்டுபவரின் அறைப் பக்கம் திரும்பினார்.

"அண்ணே, அந்த நாற்பது நொடியை இன்னொரு தடவை போடுங்க. சத்தத்தைக் கூட்டி வைங்க."

விளக்குகள் அணைந்தன. சிவப்புக் கவுன் வந்தது. "வா கண்ணு, வா... அப்பாகிட்ட வா" என்ற குரல், சிரிப்பும் நடுக்கமுமாக, கடைசி வரிசை வரை தெளிவாகக் கேட்டது.

குழந்தை தொப்பென்று உட்கார்ந்தபோது, இருநூறு பேரும் எழுந்து நின்றிருந்தார்கள்.