ஆளுக்கொரு குட்டை

"முதல்ல என் குட்டையைப் பாருங்க. அவ மருந்து வச்சு வளர்க்கிற நோயாளிங்களை அப்புறம் பார்த்துக்கலாம்!"

பண்ணைக்காரர் தீவனக் கடைக்காரரைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கரைமேல் கூட்டிப் போனார். மனைவி பின்னாலேயே நடந்தாள்.

போன தடவை வெண்கழிச்சல் நோய் வந்து இரண்டு குட்டை இறாலும் மொத்தமாகப் போயிற்று. இந்தத் தடவையும் போனால் தொழிலை மூட்டை கட்ட வேண்டியதுதான். தீவனத்தில் புரோபயாட்டிக் பொடி கலந்து போட்டால் நல்ல கிருமிகள் இறாலின் குடலைக் காப்பாற்றும் என்று கடைக்காரர் சொன்னதை அவள் நம்பினாள். கணவர் நம்பவில்லை.

"கிருமியால செத்ததுக்குக் கிருமியையே தீனியாப் போடறதா?" என்று குதித்தார். சண்டை முற்றி, ஆளுக்கொரு குட்டை என்று பிரித்துக்கொண்டார்கள். அவள் குட்டைக்குப் பொடி, அவர் குட்டைக்கு வெறும் தீவனம்.

கடைக்காரர் பண்ணைக்காரரின் குட்டையிலிருந்து தீவனத் தட்டைத் தூக்கினார். போட்ட தீனியில் ஒரு துணுக்கு மிச்சமில்லை. தட்டில் துள்ளிய இறாலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். குடல் முழுக்கத் தீனி. அவள் குட்டையிலும் அப்படியே.

"இனிமே பயமில்ல. ரெண்டும் தப்பிச்சிடுச்சு!"

அவளுக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது.

"பார்த்தியா? பொடியும் கிடையாது, மண்ணாங்கட்டியும் கிடையாது. எல்லாம் என் கைராசி!" என்றார் பண்ணைக்காரர். கடைக்காரருக்கு இருமல் வந்தது.

பண்ணைக்காரர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு குட்டை மோட்டாரை நிறுத்தப் போனதும், கடைக்காரர் கேட்டார். "என்ன அண்ணி, பேசாம நிக்கிறீங்க? தோத்துட்டோம்னு வருத்தமா?"

அவள் வாய்க்குள்ளேயே சிரித்தாள்.

"தோக்கறதாவது! தினம் அவர் பல் தேய்க்கப் போற நேரமாப் பார்த்து, அவர் தீவனத்துலயும் பொடியைக் கலந்து வச்சவளே நான்தான். அவர் வீம்புக்காக இறாலைச் சாகவிட முடியுமா? நீங்க வாயைத் திறந்துடாதீங்க. ஜெயிச்சதாவே இருந்துட்டுப் போகட்டும், பாவம்."

கடைக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"அட கடவுளே! 'அவளுக்கு மட்டும் தெரியக் கூடாது'ன்னு சத்தியம் வாங்கிக்கிட்டு, வாராவாரம் அண்ணனும் என்கிட்ட அதே பொடியைத்தானே அண்ணி வாங்கிட்டுப் போனாரு!"